தினைக்குக் கட்டிய சேலை

ஜமுனாமரத்தூர்
3-12-1978

தம்பி வடிவேலுக்கு அக்கா பாஞ்சாலி எழுதுவது.

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் என்று எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கு வந்தால் எழுது.

கருமாதி முடிந்த மறுநாளே அப்பாவைக் கையோடு பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். பதினாறு நாளும் நீ என் முகத்தையே பார்க்கவில்லையே. உன் மச்சானிடம் பேசினாய், பங்காளிகளிடம் பேசினாய், மாட்டைக் கூடத் தட்டிக் கொடுத்தாய். நான் வைத்த சோற்றை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றாய்.

அறுபத்தைந்து வருஷமாக மலையை விட்டு இறங்காத மனுஷன். இங்கே மலைச் சந்தைக்கு வருவதே வருஷத்துக்கு நாலு தடவை. அவரைக் கொண்டுபோய் ரயில் ரோட்டு ஓரத்தில், நீயே சுவர் அதிருகிறது என்று சொல்லும் அந்த இரண்டு அறை வீட்டில் வைத்திருக்கிறாய். அவர் தூங்குகிறாரா? சாப்பிடுகிறாரா? பேசுகிறாரா?

என் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்னேனா? மகள் வீட்டில் அப்பன் உட்கார்ந்து தின்றால் ஊர் சிரிக்கும் என்று நீ பங்காளிகளிடம் சொன்னாயாம். ஊருக்குப் பல் இருக்கிறது, சிரித்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. அம்மாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவளுடைய சிவப்புச் சேலை இல்லை. தாய் சேலை மகளுக்கு என்பது உனக்குத் தெரியாதது இல்லை. உன் பெண்டாட்டி ராணி எடுத்திருந்தால் எடுத்ததாகச் சொல்லட்டும், நான் ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டேன்.

இந்த வருஷம் மலையிலேயே குளிர் இல்லை. கம்பளியைப் பரணிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. பனி விழாமல் மொச்சை காய்ப்பேனா என்கிறது.

பாஞ்சாலி


ரயில்வே கேட், போளூர்
14-12-1978

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இங்கேயும் குளிர் இல்லை. மார்கழி பிறக்கப் போகிற மாதிரியே இல்லை.

அப்பா சாப்பிடுகிறார். வைத்ததைச் சாப்பிடுகிறார். வைக்காவிட்டால் கேட்பதில்லை. தூங்குகிறார். ரயில் போகும்போது எழுந்து உட்கார்ந்து, போன பிறகு படுத்துக்கொள்கிறார். பேசவில்லை. அங்கே பதினாறு நாளும் துக்கத்தில் பேசவில்லை என்று விட்டேன். மலையிலிருந்து இறங்கியும் ஒரு வார்த்தை இல்லை. முதலில் கோபம் என்று நினைத்தேன். அப்புறம் காது போய்விட்டதோ என்று ராணி பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். திரும்பினார். காது இருக்கிறது.

பாப்பா மட்டும் அவரை விடுவதில்லை. மூன்று வயதில் அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. அவளே கேட்டு அவளே சொல்லிக்கொள்கிறாள்.

உன் முகத்தை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். எழுதிவிடுகிறேன். அம்மா போன அன்று காலை ஏழு மணிக்கு பஸ் கண்டக்டர் வந்து எனக்குச் சொன்னார். ரயில்வே கேட்டை ஆள் இல்லாமல் விட்டுவிட்டு நான் ஓட முடியாது. மாற்று ஆள் வர மணி பன்னிரண்டு. திரும்பிப் போகும் பஸ்ஸில் அதே கண்டக்டரிடம், "சாயங்காலம் வந்துடுறேன், எடுக்காம வெச்சிருக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். நான் வந்து சேர்ந்தபோது ஐந்து மணி. குழி மேல் முள் வைத்து முடித்திருந்தீர்கள். பெற்றவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அம்மாதான் இல்லை, அப்பாவாவது என்னிடம் இருக்கட்டும் என்றுதான் கூட்டி வந்தேன்.

சேலையை ராணி எடுக்கவில்லை. அவளிடம் கேட்டதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

அப்பா ஒரு வேலை செய்திருக்கிறார். வீட்டுக்கும் ரயில் ரோட்டுக்கும் நடுவில் வெறும் இடம் கொஞ்சம் இருக்கிறது. வந்த அந்த வாரமே அதைக் கொத்தி, துண்டு முனையில் முடிந்து கொண்டுவந்த தினையைத் தெளித்துவிட்டார். இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. அடிபம்பில் அடித்துக் குடம் குடமாக ஊற்றுகிறார். அது ரயில்வே இடம். பயிர் வைக்க எழுதி அனுமதி வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. அவர் செய்வது அது ஒன்றுதான்.

வடிவேலு


ஜமுனாமரத்தூர்
28-12-1978

தம்பிக்கு,

தினை போட்டிருக்கிறார் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கியது. உன் மச்சானுக்கும் படித்துக் காட்டினேன். "மாமன் பாறையில வுட்டாலும் வெள்ளாம எடுப்பாரு" என்றார். அதைப் பிடுங்கச் சொல்லிவிடாதே. எழுதி வாங்க வேண்டுமென்றால் எழுதி வாங்கு. உனக்குத்தான் எழுத்து வருமே, எனக்கு எழுதுகிற மாதிரி நாலு வரியில் எழுது, போதும்.

தை பிறந்தால் கதிர் பால் பிடிக்கும். குருவியும் கிளியும் உன் ரயிலுக்கெல்லாம் பயப்படாது. அப்பாவுக்குத் தெரியும், பார்த்துக்கொள்வார்.

குழி விஷயம் எழுதியிருந்தாய். அது ஊரில் நாலு பேர் கூடி எடுத்த முடிவு. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழையை நம்பிப் பிணத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

ராணியிடம் சேலை விஷயத்தை நான் கேட்டதாகச் சொல்லியிருக்க வேண்டாம். உனக்கு எதைச் சொல்வது எதை முழுங்குவது என்று எப்போதுதான் தெரிந்தது.

பொங்கலுக்கு வருவீர்களா? சாமை அரிசி இடித்து வைத்திருக்கிறேன்.

பாஞ்சாலி


ரயில்வே கேட், போளூர்
23-1-1979

அக்காவுக்கு,

பொங்கலுக்கு வரவில்லை. லீவு இல்லை. கேட்கவும் இல்லை.

நேற்று முன்தினம் காலையில் ஒன்று நடந்தது. நான் இரவு டூட்டி முடித்து ஆறு மணிக்குப் படுத்தேன். ஏழரைக்கு பாசஞ்சர் வண்டி வரும். அது நம் வீட்டுக்கு முன்னால் நிற்காது, நிற்கவும் கூடாது. அன்றைக்கு பிரேக் போட்டுக் கிரீச்சென்று நின்றது. வீடு ஆடியதில் பாப்பா அழுது எழுந்தாள். நான் பனியனோடு ஓடினேன்.

தினைக் கொல்லையைச் சுற்றி அப்பா பதினொரு கம்பு நட்டிருந்தார். ஒவ்வொரு கம்பிலும் சிவப்புத் துணி. காற்றில் ஆடுகிறது. வண்டி வளைவில் திரும்பியதும் டிரைவர் கண்ணுக்கு முன்னால் பதினொரு சிவப்புக் கொடி. ரயில்காரனுக்குச் சிவப்பு என்றால் நில் என்று அர்த்தம். முன்னால் தண்டவாளம் பெயர்ந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. நானாக இருந்தாலும் நிறுத்துவேன்.

நம் கொல்லையில் அப்படித்தானே கட்டுவார். வீட்டுப் பொம்பளை உடுத்தின சேலைக்குத்தான் குருவி பயப்படும், வேறு துணியை மதிக்காது என்று அம்மா சொல்வாள். சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா சேலைதான். நீ தேடியது. அவரே மடித்துத் துண்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். டிரைவர் இறங்கி வந்து கத்துகிறார், கார்டு விசில் ஊதுகிறார், ஜனங்கள் ஜன்னலில் தலையை நீட்டுகிறார்கள். எனக்கு அது எதுவும் முதலில் படவில்லை. அம்மா சேலையைக் கிழித்துவிட்டாரே என்பதுதான் பட்டது. கார்டு என்னைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் வண்டி நிற்கிறது என்பது புரிந்தது.

அப்பா கவணோடு நின்றிருந்தார். ஒரு குருவி கூடத் தினையில் இல்லை.

வண்டி நாற்பது நிமிஷம் நின்றது. யாருக்கும் அடி இல்லை. எனக்கு மெமோ வந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் பயிர் வைத்தது, வண்டி ஓட்டத்துக்கு இடைஞ்சல் செய்தது. விசாரணை பிப்ரவரி இரண்டாம் தேதி. அதுவரை டூட்டி இல்லை. தினையை நேற்று நானே அறுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசில் கோபால்சாமி என்று ஒரு கிளார்க் இருக்கிறார், நல்ல மனிதர். அவர் ஒரு வழி சொன்னார். "உங்கப்பாருக்குப் புத்தி சரியில்ல, எனக்குத் தெரியாம செஞ்சிட்டாரு, இனிமே ரயில்வே எல்லைக்குள்ள வெச்சிக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. வார்னிங்கோட வுட்டுடுவாங்க. இல்லன்னா வேல போய்டும்" என்றார். போட வேண்டியதுதான் என்று நினைக்கிறேன். மூன்று மாதமாகப் பேசாதவரைப் பார்த்து யாரும் புத்தி சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.

வேலை போனால் வீடும் போகும். இந்த வீடு வேலையோடு சேர்ந்தது.

வடிவேலு


ஜமுனாமரத்தூர்
27-1-1979

வடிவேலு,

கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதம் இரண்டாம் தேதிக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று பஸ் டிரைவர் சேட்டு கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்குப் பைத்தியம் இல்லை. பைத்தியக்காரன் கம்பு நட்டு, சேலையைச் சமமாகக் கிழித்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கட்டுவானா? இந்த மலையில் யாரைக் கேட்டாலும் சரியாகச் செய்திருக்கிறார் என்பார்கள். ரயில்காரனுக்குச் சிவப்பு என்றால் நில். குருவிக்குச் சிவப்பு என்றால் போ. அவர் குருவியோடு பேசினார். நடுவில் ரயில் வந்தால் அவர் என்ன செய்வார்.

அவர் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன் என்று சொன்னேன், எழுதுகிறேன்.

நீ சொல்லி அனுப்பியது அன்றைக்கே வந்துவிட்டது. கண்டக்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். மழை ஒன்றும் வரவில்லை. வானம் இருட்டியது, அப்புறம் வெளுத்துவிட்டது. அப்பா, "இருக்கட்டும், பையன் வரட்டும்" என்றார். இரண்டு தடவை சொன்னார். ஊர்க்காரர்களும் சரி என்று உட்கார்ந்துவிட்டார்கள். நான்தான் எழுந்து, "எடுங்க" என்றேன். "ரெண்டு வருஷமா உசுரோட இருக்கச்ச வராதவன் இப்ப இன்னாத்துக்கு? அவனுக்காக இவ நாறணுமா?" என்றேன். ஊர் முன்னால் கத்தினேன். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் பீ மூத்திரம் வாரியவள் நான், நீ இல்லை. அந்த ஆத்திரம். அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அன்றையிலிருந்துதான் பேசவில்லை. நீ கூட்டிப் போனதால் இல்லை, மலை இறங்கியதால் இல்லை. உன்னிடமும் சொல்ல முடியாமல் என்னையும் காட்டிக் கொடுக்க முடியாமல் வாயை மூடிக்கொண்டார்.

இதற்குப் பெயர் பைத்தியமா? உன் கோபத்தை என்மேல் காட்டு. வேண்டுமானால் இங்கே வந்து ஊர் முன்னால் என்னைக் கேள். அவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையைக் காகிதத்தில் ஏற்றாதே. காகிதத்தில் ஏறினது இறங்காது.

போட்டால் நீ எனக்குத் தம்பி இல்லை.

பாஞ்சாலி


ரயில்வே கேட், போளூர்
5-2-1979

அக்காவுக்கு,

சேட்டு கடிதத்தை முப்பதாம் தேதியே கொடுத்துவிட்டார். படித்தேன். மடித்து வைத்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ராணி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நலம் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

விசாரணைக்குப் போனோம். அப்பாவையும் அழைத்து வரச் சொன்னார்கள். கோபால்சாமி காகிதத்தைத் தயாராக வைத்திருந்தார். நான் பேனாவை வாங்கினேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எங்கப்பாவுக்குப் புத்தி நல்லாத்தாங்க இருக்குது" என்றேன். விசாரித்த பெரிய ஐயா நிமிர்ந்து, "அப்போ தெரிஞ்சேதான் வண்டிய நிறுத்தினாரா? நீ தெரிஞ்சேதான் வுட்டியா?" என்று கேட்டார்.

அப்பா கோபால்சாமி பக்கம் திரும்பி, "அதுல இன்னா எழுதிக்கீது, படிங்க" என்றார்.

மூன்று மாதம் கழித்து வந்த முதல் பேச்சு அதுதான். குரல் மாறவே இல்லை. கோபால்சாமி தயங்கித் தயங்கிப் படித்தார். சின்னக்குழந்தை என்பவர், வயது அறுபத்தைந்து, சித்த சுவாதீனம் இல்லாதவர். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பா கேட்டார். கோபால்சாமி என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். அப்பா, "அப்பறம்?" என்றார். இனிமேல் ரயில்வே எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வரமாட்டார் என்று படித்தார்.

"இதுல நான் ரேக வெச்சா பையனுக்கு வேல நிக்குமா?"

நிற்கும் என்றார்கள்.

மையில் கட்டை விரலை அவரே ஒற்றி அவரே வைத்தார். வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்தார். புத்தி சரியில்லாதவன் வைத்த ரேகை செல்லுமா என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரிய ஐயா வாங்கி முத்திரை குத்தினார். அதற்குக் கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். போட்டேன், அக்கா.

அவரை மலைக்கு அனுப்ப நாலு நாள் தவணை கொடுத்தார்கள். ராணி அன்றைக்கு அரிசிச் சோறு ஆக்கி முட்டை வைத்தாள். அவள் மருமகளாக வந்த நாளாக அவர் முகம் பார்த்துப் பேசியதில்லை. அன்றைக்குக் கிட்ட உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாமா" என்று அழுதாள்.

நாளைக்கு மலை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன். சேட்டு பார்த்துக்கொள்வார். நான் கூட வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த முறை தப்பு என்மேலும் இருக்கிறது. நான் தம்பி இல்லை என்றால் இல்லை. அவரை உள்ளே கூப்பிடு.

வடிவேலு


ஜமுனாமரத்தூர்
18-2-1979

தம்பி,

தம்பி என்றே எழுதிவிட்டேன். கோபம் என்று எழுத உட்கார்ந்தேன், கை அப்படித்தான் எழுதிற்று.

அப்பா வந்து இறங்கியதும் காலில் விழுந்தேன். தலையில் கை வைத்தார். அவருக்குக் கூழும் மொச்சைக் குழம்பும் செய்தேன். சாப்பிட்டார். உன் மச்சான் வெற்றிலை மடித்துக் கொடுத்தார். சரி, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று முட்டாள் மாதிரி நினைத்தேன்.

கருமாதியோடு நீ அவரைக் கூட்டிப் போய்விட்டதால், எடுத்த அன்றைக்கு வராத பக்கத்து ஊர்க்காரர்கள் துக்கம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் குறை. அதனால் அவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் தினம் நாலு பேர், ஐந்து பேர். வந்து உட்கார்ந்து, எப்படிப் போனாள், கடைசியாக என்ன சொன்னாள், ஏன் அவசரப்பட்டு எடுத்தீர்கள், பையன் ஏன் முகம் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். நான் சொல்லிவிடலாம், எல்லாம் நான் செய்தது என்று. எழுந்து வாசல் வரைக்கும் போவேன். சொல்ல மாட்டேன். இப்படிப் பத்து நாள்.

நேற்று காலையில் கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் கீழ போறேன்" என்றார். "அங்க இன்னாப்பா இருக்குது? பைத்தியம்னு எழுதிக்கிட்ட எடம்" என்றேன்.

"அதான் நல்லது. பைத்தியத்த ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் இதக் கேட்டுக்கிட்டே குந்திக்கினு இருக்க வேணாம்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் மச்சான் பின்னால் ஓடினார். பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார். பழைய கால்தடத்தில் இறங்கிப் போனார். மச்சான் அடிவாரம் வரைக்கும் கூடப் போய், கலசப்பாக்கம் பக்கம் போகும் வண்டிக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். வந்து சேர்ந்தாரா என்று ஒரு வரி எழுது. தாமதிக்காதே.

அக்கா


ரயில்வே கேட், போளூர்
21-2-1979

அக்கா,

தபால் கார்டில் எழுதுகிறேன். அப்பா பத்தொன்பதாம் தேதி மத்தியானமே வந்துவிட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. காலில் மட்டும் வீக்கம்.

வீட்டுக்கு வரவில்லை. எல்லைக் கல்லுக்கு வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னாள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். "ரேக வெச்சிக்கீறேன்டா. வந்தா உனக்குத்தான் கெடுதி" என்றார். எவ்வளவு சொல்லியும் கல்லைத் தாண்டவில்லை. ராணி தட்டை அங்கேயே கொண்டு போனாள். அந்த இடம் அருணகிரி என்பவருடையது. குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கீற்று வாங்கி வந்து நேற்றுப் போட்டேன். வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும்.

சாயங்காலம் டூட்டி முடிந்ததும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவரே, "உங்கம்மா கடைசியா உன்னத்தான் கேட்டாடா. ரயிலு கேட்ட மூடிட்டு வருவான்னு சொன்னேன். செரின்னுட்டுக் கண்ண மூடிக்கினா" என்றார்.

வடிவேலு